மெரினா மணலும் பக்கிங்காம் கரையும்: கடற்கரையைக் காப்பதாகச் சொல்லி யாரை வெளியேற்றுகிறார்கள்?

2022 மே மாதம். ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கிங்காம் கால்வாய்க் கரை நீர்நிலைப் புறம்போக்கு, அங்கே இருப்பது ஆக்கிரமிப்பு, உச்ச நீதிமன்றம் வரை போய் முடிந்த வழக்கு என்பது அரசுத் தரப்பின் விளக்கம். இடிப்பைத் தடுக்க முயன்ற அந்தப் பகுதியின் பெரியவர் ஒருவர் தன் உடலில் தீ வைத்துக்கொண்டார். மருத்துவமனையில் இறந்துபோனார். அதன் பிறகுதான், அந்த மக்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியிலேயே மாற்று வீடு தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓர் உயிர் போன பிறகு செய்ய முடிந்ததை, அதற்கு முன்னால் ஏன் செய்ய முடியவில்லை?

இந்தக் கேள்வியோடு சில மாதங்கள் கழித்து சமூகப்பணி மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு பட்டினப்பாக்கத்திலிருந்து மந்தைவெளி வரை நடந்தேன். கால்வாய்க் கரையில் இட்லிக்கடை வைத்திருந்த ஓர் அம்மா சொன்னார்: "ஆத்த சுத்தம் பண்றாங்களாம் கண்ணு. மொதல்ல எங்கள எடுத்துட்டாங்கன்னா அப்புறம் சுத்தம் பண்ண என்னா மிச்சம் இருக்கும்னு நெனச்சுட்டாங்க போல."

அவர் சொன்னது வெறும் ஆதங்கம் இல்லை. சென்னைக் கடற்கரையின் நூற்றைம்பது வருட வரலாறு அதற்குள் இருக்கிறது. சுற்றுச்சூழல் என்றாலே அது மேட்டுக்குடிகளின் பேச்சு என்று நம் தோழர்கள் பலர் ஒதுங்கிப் போகிறார்கள். ஒதுங்கினால் இழப்பு நமக்குத்தான். கடற்கரை எப்படி உருவானது, அதைக் காக்கும் சட்டம் எப்படி வந்தது, அது யார் மேல் பாய்ந்தது என்பதையெல்லாம் நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

துறைமுகம் கொட்டிய மணல்

மெரினாவை இயற்கையின் கொடை என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்த அகலமான மணல்வெளி துறைமுகத்தால் வந்தது.

மதராஸுக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கையும் ஆட்களையும் மசூலா படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கரை சேர்த்தவர்கள் இங்கிருந்த படகோட்டிகளும் கட்டுமரக்காரர்களும்தான். கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் 1861இல் வந்தது. அது போதவில்லை. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசரை அழைத்து வந்து செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இரண்டு கைகளை நீட்டியது போலக் கடலுக்குள் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள். 1881 நவம்பரில் வந்த புயல் அவற்றை உடைத்துப் போட்டது. மீண்டும் கட்டினார்கள். 1904இல் துறைமுகத் தலைவராக வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் கிழக்கு வாசலை அடைத்து வடகிழக்குப் பக்கம் வாசல் திறந்தார்கள்.

இதற்கும் மணலுக்கும் என்ன தொடர்பு? நம் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் ஓரளவு திரும்பி வரும். வருடத்துக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். வழியில் குறுக்குச் சுவர் எழுப்பினால் சுவரின் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். மெரினா இப்படித்தான் அகலமானது. அந்தப் பக்கம் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரை கடல் ஊருக்குள் வந்தது. தெருக்களும் வீடுகளும் போயின. இன்று அங்கே கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

தெற்கில் சேர்ந்த மணலை ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் உலாவும் சாலையாக்கி, மெரினா என்று இத்தாலியப் பெயர் வைத்தார். வடசென்னை இழந்த கரையும் தென்சென்னை பெற்ற கரையும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். எந்தப் பக்கத்தில் உழைக்கும் மக்கள் வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றும் நடந்தது. கூவத்தின் முகத்துவாரம் துறைமுகத்துக்குத் தெற்கே ஒட்டினாற்போல் இருக்கிறது. தேங்கிய மணல் அந்த வாயையும் மேடாக்கி அடைத்தது. கடல்நீர் உள்ளே வந்து போக முடியாத ஆற்றில் மாநகரத்தின் சாக்கடை தேங்கினால் நாறத்தான் செய்யும். ஆனால் 'கூவத்தை நாறடித்தவர்கள்' என்ற பழி கரையோரக் குடிசைகளின் மேல் விழுந்தது. துறைமுகத்தின் மேலோ, கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்ட நிர்வாகத்தின் மேலோ விழவில்லை.

பஞ்சத்தில் வெட்டிய கால்வாய்

இனி அந்த அம்மாவின் கரைக்கு வருவோம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி வழியாகப் போவது, 1877-78இல் வெட்டப்பட்டது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்ன காலம் அது. மதராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். உயிரோடு இருந்தவர்களை நிவாரண வேலை என்ற பெயரில் மண் வெட்டச் சொன்னார்கள். 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். முழுநாள் மண் வெட்டுகிறவருக்கு அது உயிர் பிடித்து வைக்கவும் போதாத அளவு என்று அன்றைய மருத்துவ அதிகாரிகளே எதிர்த்தார்கள். கால்வாய்க்கு அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர். வெட்டியவர்களுக்குப் பெயர் இல்லை.

பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் நிலமற்ற கூலிகள். மதராஸைச் சுற்றியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் அந்த நிலமற்றவர்கள் யார் என்று கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் அரசுக்கு அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு பஞ்சமி நில ஆணை வந்தது அதன் தொடர்ச்சியாகத்தான். ஊரில் நிலம் மறுக்கப்பட்டவர்கள் நகரத்துக்கு வந்து துறைமுகத்திலும் ஆலைகளிலும் பங்களாக்களிலும் உழைத்தார்கள். நகரம் அவர்களுக்கு விட்டுவைத்த இடம் கால்வாய்க் கரை, ஆற்றங்கரை, சதுப்பு ஓரம். நம் மக்கள் நீர்நிலையை 'ஆக்கிரமித்த' கதை இவ்வளவுதான். வேறு எங்கும் அவர்களை இருக்க விடவில்லை.

1990களில் பறக்கும் ரயில் வந்தது. கடற்கரை நிலையத்திலிருந்து மயிலாப்பூர் வரை 1997இல் ஓடத் தொடங்கியது. அதன் தூண்கள் நிற்பது இதே பக்கிங்காம் கால்வாய்க்குள். கரையில் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. கால்வாய்க்குள் தூண் போட்டால் வளர்ச்சி.

1991: கடற்கரைக்கு ஒரு கோடு

1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் எழுப்பாமல் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதைச் சென்னை எப்படிப் புரிந்துகொண்டது? 1985இல் மெரினாவை அழகுபடுத்தப் போவதாகச் சொல்லிப் படகுகளையும் வலைகளையும் மணலிலிருந்து அகற்ற முனைந்தது எம்.ஜி.ஆர். அரசு. குப்பங்கள் எதிர்த்தன. காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. மீனவர்கள் செத்தார்கள். கடற்கரையில் யார் இருக்கலாம் என்ற கேள்விக்கு அரசின் முதல் பதில் அதுதான்.

1991 பிப்ரவரி 19இல், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. கடலோரத்தில் 500 மீட்டர் வரையும், அலை ஏறி இறங்கும் ஆறு, கழிமுகங்களின் இரு கரையிலும் அதன் ஆட்சி. நுட்பமான சூழல் கொண்ட பகுதி முதல் மண்டலம். ஏற்கெனவே வளர்ந்த நகரப் பகுதி இரண்டாம் மண்டலம். சென்னையின் பெரும்பகுதி இரண்டாம் மண்டலத்தில் வரும்.

இரண்டாம் மண்டலத்தின் விதியைத் தோழர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். கடற்கரையை ஒட்டி ஏற்கெனவே சாலையோ அனுமதி பெற்ற கட்டடமோ இருந்தால், அதன் நிலப்பக்கம் புதிதாகக் கட்டலாம். கடல்பக்கம் கட்டக் கூடாது. அப்படியானால் மணலில் போடும் ஒவ்வொரு சாலையும் ஒரு கோடு. சாலை கடலை நோக்கி நகர்ந்தால் கட்டடமும் நகரும். ஆனால் ஐம்பது வருடமாக அங்கே இருக்கும் குடிசை 'அனுமதி பெற்ற கட்டடம்' ஆகாது. பட்டா இருப்பவருக்கே சட்டம் கோடு போட்டது. பட்டா யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதைத் தீர்மானித்தது சாதி. கலங்கரை விளக்கத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே உயர்மட்டச் சாலை போடும் திட்டத்தை 2010 வாக்கில் ஊரூர் ஆல்காட் குப்பம் உள்ளிட்ட ஊர்கள் அவ்வளவு கடுமையாக எதிர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற பெயரிலேயே நமக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1894இல் கர்னல் ஆல்காட் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கான இலவசப் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கியது அங்கேதான். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தம் தேடி இலங்கை சென்றது அதே ஆல்காட்டின் துணையோடு. அடையாறு கடற்கரை நமக்கு அந்நிய நிலம் அல்ல.

சட்டம் நமக்காகப் பேசிய ஒரு தடவை

கடற்கரைச் சட்டம் எப்போதும் ஏழைக்கு எதிரானது என்று சொன்னால் அது பொய். 1990களில் நாகப்பட்டினம் பகுதியில் இறால் பண்ணைகள் பரவின. வயல்களில் உப்புநீர் ஏறியது. குடிநீர் கெட்டது. விவசாயக் கூலி வேலை போனது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25இல் 44 பேர் எரிக்கப்பட்ட அதே மண்ணில், தலித் கூலிகளுக்கு நிலம் வாங்கித் தந்துகொண்டிருந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் எஸ். ஜெகந்நாதனும் அந்த மக்களோடு மறியலில் உட்கார்ந்தார்கள். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. அதற்கு அடிப்படையாக நின்றது 1991 அறிவிக்கைதான். நிலமற்ற தலித் மக்களின் குடிநீரும் கூலியும் 'சுற்றுச்சூழல்' என்று இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட தீர்ப்பு அது.

பிறகு? 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. 1991 அறிவிக்கை இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது என்று பின்தேதியிட்டு மாற்றினார்கள். ஆணையத்தின் தலைமையகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. முதலாளிக்குத் தடையாக வந்தால் சட்டமே வளைகிறது. ஏழைக்குத் தடையாக வந்தால் 'சட்டம் தன் கடமையைச் செய்யும்' என்கிறார்கள்.

கழிமுகமும் நினைவிடமும்

நமக்கே சங்கடமான ஒரு கதையையும் பேச வேண்டும். அடையாறு கழிமுகத்தின் ஓடைப் பகுதியில் அண்ணல் அம்பேத்கருக்கு நினைவிடம் கட்ட 1990களில் அரசு முடிவெடுத்தது. சதுப்பு நிலத்தில் கட்டக் கூடாது என்று வழக்கு வந்தது. உயர் நீதிமன்றம் நினைவிடத்தைச் சிறிய பரப்புக்குள் சுருக்கி, மீதியைக் காக்கச் சொன்னது. மணிமண்டபம் அந்தச் சிறிய இடத்தில் நிற்கிறது. மீதியில் பின்னாளில் தொல்காப்பியப் பூங்கா வந்தது. 58 ஏக்கர், 2011இல் திறந்தார்கள்.

சதுப்பைக் காத்தது சரிதான். பறவைக்கும் மீன்குஞ்சுக்கும் அலையாத்திக்கும் அந்த நிலம் வேண்டும். வெள்ளம் வந்தால் நம் வீட்டுக்குள் தண்ணீர் ஏறாமலிருக்கவும் அது வேண்டும். அண்ணலின் பெயரால் ஒரு கழிமுகத்தை மூடுவதில் நமக்குப் பெருமை இல்லை. ஆனால் எழாமல் போன ஒரு கேள்வி இருக்கிறது. அதே கழிமுகத்தின் ஓரத்தில் எம்.ஆர்.சி. நகரில் நட்சத்திர விடுதியும் வானுயர்ந்த அடுக்குமாடிகளும் எழுந்தபோது, நகரத்தின் மனசாட்சி அதே வேகத்தில் துடித்ததா?

ஆற்றைக் காத்து, சதுப்பில் தள்ளி

2000இலிருந்து ஆற்றங்கரை, கால்வாய்க்கரை மக்களைக் கண்ணகி நகருக்குக் கொண்டுபோனார்கள். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. அடுத்தது பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றுக் கரையிலிருந்து குடும்பங்கள் லாரியில் ஏற்றப்பட்டன. கூவம் சீரமைப்பு என்று சொல்லி 2019 டிசம்பரில், பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்த நடு ஆண்டில், தீவுத்திடல் அருகே சத்தியவாணி முத்து நகரை அகற்றினார்கள். தி.மு.க.வின் முதல் அமைச்சரவையில் இருந்து, பின்னாளில் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்ட தலித் தலைவரின் பெயர் அது. பெயர்ப்பலகைக்கு இருந்த மரியாதை குடியிருந்தவர்களுக்கு இல்லை.

கொண்டுபோன இடம் எது? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அதே சதுப்பு. நீர்நிலையைக் காக்கிறோம் என்று சொல்லி ஓர் ஆற்றங்கரையிலிருந்து எடுத்து, இன்னொரு நீர்நிலையின் ஓரத்தில் குடிவைத்தார்கள். மழை வந்தால் செம்மஞ்சேரியில் முழங்கால் தண்ணீர். மயிலாப்பூரில் வீட்டுவேலை பார்த்த பெண்ணுக்குப் போகவர மூன்று நான்கு பேருந்து மாறும் நேரம். வேலை போகிறது, பிள்ளையின் படிப்பு போகிறது. நான் பணி செய்த குடியிருப்பில் பத்தாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளைகளின் பட்டியலை எழுதிப் பார்த்தேன். பெரும்பாலோர் இடம்மாறிய வருடத்திலேயே நின்றிருந்தார்கள்.

மீனவரும் நாமும்

குப்பங்கள் இன்றும் போராடுகின்றன. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் இணைப்புச் சாலையோர மீன்கடைகளை அகற்றும் விவகாரத்தை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்ற, மீனவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். அது முதலில் குப்பத்தாரின் உள்வழி. பிறகுதான் நகரத்தின் கார்களுக்கான சாலை. 2024இல் அங்கே 366 கடைகளோடு புதிய மீன் அங்காடி திறந்தார்கள். போராட்டம் இல்லாமல் எதுவும் கிடைக்கவில்லை.

நாம் அவர்களோடு நிற்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டு நிற்போம். 2004 சுனாமியின்போது நாகைக் கடற்கரையில் நிவாரணம் மீனவர் என்ற கணக்கில் போனது. மீன் கூடை சுமந்த, படகில் கூலிக்குப் போன, உப்பளத்தில் உழைத்த தலித்துகள் பட்டியலில் இல்லை. சில இடங்களில் முகாமிலேயே ஒதுக்கிவைக்கப்பட்டார்கள். பழவேற்காட்டில் 'பாடு' என்ற முறைப்படி யார் எந்த இடத்தில் வலைபோடலாம் என்பதைச் சாதி ஊர்ப் பஞ்சாயத்து தீர்மானிக்கிறது. தலித் மீன்பிடிப்பவர்களும் இருளர்களும் அந்தப் பாட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். கடல் எல்லோருக்கும் என்றால் குப்பத்துக்குள்ளும் எல்லோருக்கும்தான்.

மீன்பிடித் தடைக்காலத்தையும் இப்படியே பாருங்கள். 1970களில் விசைப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் நடந்த மோதல்களின் பின்னணியில் 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. இன்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக் கூடாது. மீன் இனம் பெருக அது தேவை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்த யாரும் கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் நிவாரணம் மீனவர் அட்டை வைத்திருப்பவருக்கு. துறைமுகத்தில் ஐஸ் உடைப்பவருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் அந்த இரண்டு மாதம் அடுப்பு எப்படி எரியும் என்று எந்த அறிவிக்கையும் கேட்கவில்லை.

வாளியும் கையும்

2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய்க் கசிவால் பாதிப்பில்லை என்றுதான் முதலில் அறிவித்தார்கள். பிறகு கறுப்புக் குழம்பு எர்ணாவூர் பாறைகளில் கனமாகப் படிந்தது. மெரினாவையும் அதற்குத் தெற்கேயும் தொட்டது. சர்வதேசத் துறைமுகங்கள் வைத்திருக்கும் இந்த மாநகரத்தில் அதை எப்படி அகற்றினார்கள்? வாளியால். வரிசையாக நின்று, கையால் அள்ளி, வாளி மாற்றி வாளி. படங்கள் உலகம் முழுக்கப் போயின.

பேரிடர்த் திட்டம் காகிதத்தில் இருந்தது. நச்சுக் குழம்பை அள்ளக் கை வேண்டியிருந்தது. மலக்குழிக்குள் ஆளை இறக்கும் சமூகத்துக்கு எண்ணெய்க் குழம்பில் ஆளை இறக்குவது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. 2011இல் உயர் நீதிமன்றம் தலையிட்டுச் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத்தாது கையாளுவதை நிறுத்தியதும், நிலக்கரி எங்கே போனது? எண்ணூருக்கு. தூசு ஒழியவில்லை, வேறு மக்களின் மூச்சுக்கு மாறியது.

மகத் சொல்லும் பாடம்

1924இல் மகத் நகராட்சி சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் இருந்தது, தண்ணீர் குடிக்க முடியவில்லை. 1927 மார்ச் 20இல் அண்ணல் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய்க் கையால் அள்ளிக் குடித்தார். எழுத்தில் உள்ள உரிமையை நடந்துபோய் எடுக்க வேண்டும் என்று அன்று காட்டினார்.

நமக்கும் ஓர் எழுத்து இருக்கிறது. 2011, 2019 அறிவிக்கைகள் இரண்டும் தங்கள் நோக்கமாக, மீனவச் சமூகங்களுக்கு மட்டுமல்லாமல் கடலோரத்தில் வாழும் பிற உள்ளூர்ச் சமூகங்களுக்கும் வாழ்வாதாரப் பாதுகாப்பு தருவதைச் சொல்கின்றன. அந்தப் 'பிற உள்ளூர்ச் சமூகங்கள்' யார்? கால்வாய்க்கரையில் இட்லிக்கடை வைத்திருக்கும் அம்மா இல்லையா? அலை ஏறி இறங்கும் கரையில் மூன்று தலைமுறையாக வாழ்பவர் கடலோரச் சமூகம் இல்லை என்றால் வேறு யார்?

இந்தக் கேள்வியை எழுப்பும் இடம் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம். 2019 அறிவிக்கைப்படி தயாரித்த வரைவில் தங்கள் ஊர்களும் மீன்பிடி இடங்களும் சரியாகக் குறிக்கப்படவில்லை என்று 2023இல் மீனவர்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் சண்டை போட்டார்கள். அந்தக் கூட்டங்களில் கால்வாய்க்கரை மக்களுக்காக நம்மில் எத்தனை பேர் போய் உட்கார்ந்தோம்? நான் போகவில்லை. அன்று எனக்கு அது 'மீனவர் பிரச்சினை'யாகத்தான் தெரிந்தது. அது என் தவறு.

அடுத்த தடவை அப்படி இருக்கக் கூடாது. உங்கள் பகுதி வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நடங்கள். எந்தத் தெரு விடுபட்டிருக்கிறது, எந்தக் குடியிருப்பு வெற்று நிலமாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று குறித்துவையுங்கள். பழைய குடும்ப அட்டை, மின்கட்டண ரசீது, பள்ளிச் சான்றிதழ், எத்தனை வருடம் வாழ்ந்தார்கள் என்பதற்கு எது கிடைத்தாலும் நகல் எடுத்துவையுங்கள். இடிக்க வரும் நாளில் அதைத் தேட நேரம் இருக்காது.

வரைபடத்தில் இல்லாத மக்களை அகற்றுவது சுலபம். முதலில் வரைபடத்தில் ஏறுவோம்.